மாயாஜாலப் படம் பிள்ளைய பாக்கலாமா கூடாதா? நெல்லைச் சீமை கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீவு விட்டாச்சுன்னா நம்ம பக்கத்து சபையள்ல ரெண்டு காரியம் தவறாம நடக்கும். ஒண்ணு வி.பி.எஸ், அதான் பிள்ளையளுக்கு நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி. இன்னொண்ணு, "டீச்சர், பிள்ளைய எந்நேரமும் மந்திரவாதி பிசாசு படமா பாக்குதுவ, என்ன செய்யன்னு தெரியல"ன்னு அம்மாமார் வந்து நிக்கிறது. பாளையங்கோட்டைன்னு இல்ல, நாசரேத்து, மெஞ்ஞானபுரம், டோனாவூர்னு எந்த ஊர் டீச்சர்மாரக் கேட்டாலும் இதேதான் சொல்லுதாவ. இதுக்கு ஒரு கூட்டம் எல்லாமே பிசாசு, டிவிய அணைங்கும். இன்னொரு கூட்டம் அட கார்ட்டூன்தான, சவத்த விடுங்கங்கும். ரெண்டும் சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா ரெண்டு பேருமே அந்தப் படத்த உக்காந்து பாத்துருக்க மாட்டாவ.

ஓய்வுநாள் பள்ளியில வகுப்பு எடுக்கேன், வீட்டுலயும் ரெண்டு வாலு இருக்கு, அதனால இது எனக்கு வெறும் விவாதம் கிடையாது, தினப்படி பாடு. சுருக்கமா என் கணக்கு இதான்: படத்துல மந்திரம் இருக்கா இல்லையான்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. அந்தக் கதையில சக்தி எங்க இருந்து வருது, யார்ட்ட போய் கேக்காவ, செத்தவங்களப் பத்தி என்ன சொல்லுது, தப்பு செஞ்சவன் கதி என்ன ஆகுது, இந்த நாலையும் பாருங்க. அத எப்படிப் பாக்கதுன்னு படிப்படியா எழுதுதேன்.

படி 1: பயத்தப் பிரிச்சு வைங்க

"எனக்கு அந்தப் படம் மனசுக்கு ஒப்பல"ன்னு ஒரு அம்மா சொன்னா அதுக்குள்ள நாலஞ்சு பயம் ஒண்ணா முடிச்சுப் போட்டு கிடக்கும். மந்திரம் சூனியம்னு வர்றதே ஒரு பயம். வேற தெய்வம், முன்னோர் ஆவி, மறுபிறவின்னு நாம நம்பாத ஒரு நம்பிக்கை கதையோட சேந்து உள்ள போயிருமோங்குறது இன்னொண்ணு. கடவுளையும் சபையையும் கேலி பண்ணுற படம் தனி வகை. இது எதுவுமே இல்லாம பிள்ளை ராத்திரி அலறி எந்திக்கிற மாதிரி சும்மா பயங்காட்டுற படமும் இருக்கு, அதுக்கும் வேதத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா நம்ம ஆளுவ அதையும் ஆவிக்குரிய பிரச்சனைன்னு சொல்லிருதாவ. பிள்ளை பயந்துட்டான்னா முதல்ல தண்ணி குடுத்துப் பக்கத்துல படுக்க வைங்க, ஜெபம் பண்ணுங்க, மறுநாள் அந்தப் படத்த எடுத்துருங்க. அம்புட்டுதான், வீட்டுக்குள்ள என்னமோ வந்துட்டுன்னு எண்ணெய் பூச ஓட வேண்டாம்.

ஒரு நோட்டுல, இல்லன்னா போன்லயே, இந்தப் படத்துல எனக்கு இடிக்கது எதுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. எழுத வரலைன்னா நீங்க இன்னும் படத்தப் பாக்கலைன்னு அர்த்தம்.

படி 2: வேதம் எதத் தடுக்குது, எதத் தடுக்கலன்னு பாருங்க

எல்லாரும் எடுக்குற வசனம் உபாகமம் 18:10, 11. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்னு அந்தப் பட்டியல் போகும். இது எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான் ஓடுது, கடவுள்ட்ட கேக்காம அவரச் சுத்திப் போயி குறுக்கு வழியில சக்தியவோ செய்தியவோ வாங்கப் பாக்குறது. சவுல் ராஜா எந்தோர்ங்குற ஊர்ல அஞ்சனம் பாக்குற பொம்பளைட்ட மாறுவேசத்துல போனான்ல, 1 சாமுவேல் 28, அதான் இதுக்கு நேரடி உதாரணம். ஆனா அந்தக் கதைய நாம பிள்ளையளுக்கு சொல்லித்தான் குடுக்கோம், பாருங்க. செத்த சாமுவேல் எந்திச்சு வர்ற அம்புட்டு திகிலோடயும் சொல்லுதோம். அத வகுப்புல சொல்லுதது அஞ்சனம் பாக்குறது ஆகிருமா? ஆகாது. தப்பக் கதையா சொல்லுததும் தப்ப செய்யுததும் ஒண்ணு கிடையாது.

அடுத்தாப்ல அப்போஸ்தலர் 19:19. எபேசுல மாயவித்தை செஞ்சவங்க தங்கட புஸ்தகங்கள எல்லாருக்கும் முன்னால எரிச்சாங்க, அதோட விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. இத வெச்சுதான் 2001 கடைசியில அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல அலமொகோர்டோங்குற ஊர் சபையில ஹாரி பாட்டர் புஸ்தகத்த எரிச்சாவ, 2019ல போலந்துல கத்தோலிக்க குருமார் சிலரும் அதே மாதிரி எரிச்சுட்டு அப்புறம் மன்னிப்பும் கேட்டாவ. எபேசுக்காரன் எரிச்சது அவனவன் தொழில் பண்ணுன சொந்த புஸ்தகத்த. லைப்ரரில ஒரு பிள்ளை எடுத்துப் படிக்க கதைப் புஸ்தகத்தோட அத சேக்கக் கூடாது.

கற்பனைய வேதம் எங்கயும் தடுக்கல. நியாயாதிபதிகள் 9ல யோதாம் கெரிசீம் மலை மேல நின்னு மரங்கள் எல்லாம் கூடி ஒரு ராஜாவத் தேடுன கதையச் சொல்லுதான், ஒலிவ மரம் மாட்டேங்குது, அத்தி மரம் மாட்டேங்குது, திராட்சச் செடி மாட்டேங்குது, கடைசியில முட்செடி சரிங்குது. மரம் பேசுற கதை, சுத்தமான கற்பனை, அதுவும் அரசியல் நக்கலோட.

இத எல்லாம் பாக்கும்போது நம்ம வீட்டையும் ஒரு பார்வை பாத்துருங்க. ஹாரி பாட்டருக்கு தடை போட்ட வீட்டுலயே பிள்ளைக்கு கண்ணு பட்டுட்டுன்னு மிளகாய் சுத்திப் போடுதாவ, கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ராகு காலத்த மட்டும் எதுக்கும் தள்ளி வைப்போம்னு சொல்லுதாவ, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில, வர்ற வருசத்துக்குன்னு ஒரு வசனம் எழுதியிருக்க வாக்குத்தத்த அட்டைய எடுத்துட்டு நல்ல வசனம் வரலைன்னு மூஞ்சத் தூக்கிட்டு இன்னொண்ணு எடுத்துக்கிடுதாவ. வாக்குத்தத்த அட்டை தப்புன்னு சொல்ல வரல, அதக் கிளி ஜோசியம் மாதிரி எடுத்தா உபாகமம் 18 அங்கதான் இடிக்கும். பிள்ளைய இத எல்லாம் பாத்துட்டேதான் வளருது. படத்துல வர்ற மந்திரக்கோல் பொய்னு அதுக்குத் தெரியும், அம்மை கையில இருக்க மிளகாய் நிஜம்னு நினைக்கும்.

படி 3: நம்ம மண்ணு கற்பனைக்குப் பயந்த மண்ணு இல்லன்னு தெரிஞ்சுக்கிடுங்க

இந்தப் படிய தாண்டிப் போயிராதீங்க, பெரியவங்க யாராவது "கற்பனைக் கதையே விசுவாசிக்கு ஆகாது"ன்னு சொன்னா இதான் பதில்.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்துல கரையிருப்புல 1827ல பொறந்தவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பம், கம்பன்ல ஊறுன புலவர், பெறகு கிறிஸ்தவர் ஆனார். இங்கிலீஷ்ல ஜான் பனியன் 1678ல எழுதுன மோட்சப் பயணத்த எடுத்து இரட்சணிய யாத்திரிகம்னு ஒரு காப்பியமாவே பாடி 1894ல வெளிவந்துச்சு, 3700 பாட்டுக்கு மேல. அந்த பனியன் கதை என்ன? முதுகுல பாவச் சுமையோட ஒருத்தன் நடந்து போறான், வழியில அப்பொல்லியோன்னு செதிலும் செட்டையுமா ஒரு பூதம் மறிக்கு, விரக்திங்குற ராட்சதன் அவனப் புடிச்சு கோட்டையில அடைச்சுப் போடுதான், கடைசியில ஆத்தத் தாண்டி மோட்ச நகரம். இன்னைக்கு ஒரு கம்பெனி இத அனிமேஷன்ல எடுத்து விட்டா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல பாதிப் பேரு "பூதம் வருது, எச்சரிக்கை"ன்னு போட்டுருவாவ.

இன்னும் துணிச்சலான ஆளு வேதநாயகம் சாஸ்திரியார், 1774ல திருநெல்வேலியில பொறந்தவர். குறவஞ்சின்னா என்ன, குறத்தி வந்து கையப் பாத்து குறி சொல்லுதது. நமக்குப் பக்கத்துலயே திருக்குற்றாலக் குறவஞ்சி இருக்கு. உபாகமத்துல குறிசொல்லுகிறவன்னே பேர் சொல்லித் தடுத்த காரியம் அது. அவர் அந்த வடிவத்த அப்படியே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதுனார், குறத்திய வெச்சே கிறிஸ்துவப் பாட வெச்சார். ஆகாத பொருள எடுத்து வேற உயிர் குடுக்க முடியும்னு நம்ம ஊர்க்காரரே இருநூறு வருசத்துக்கு முன்னால செஞ்சு காட்டிட்டார். அதுக்காக வர்ற படமெல்லாம் பெத்லகேம் குறவஞ்சின்னு சொல்லல, அது வேற.

படி 4: படத்தப் பத்தி முன்கூட்டியே விசாரிங்க

சென்சார் சர்டிபிகேட்ட முதல்ல பாருங்க. 2023ல சட்டத்தத் திருத்துன பெறகு பழைய யுஏ மூணாப் பிரிஞ்சுட்டு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. 7+ன்னா அதுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அப்பா அம்மா வழிகாட்டுதல் வேணும்னு அர்த்தம். ஓடிடியிலயும் கிட்டத்தட்ட இதே வயசுக் கணக்கு போட்டுருப்பாவ. ஆனா ஒண்ணு, சர்டிபிகேட் அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை, திகில் இதத்தான் பாக்கும், படத்துல மறுபிறவி சொல்லிக் குடுக்காவளா, கடவுள் இல்லங்காவளான்னு அது பாக்காது, பாக்கவும் கூடாது, அது நம்ம வேலை.

அதுக்கு நீங்களே பாக்குறதத் தவிர வழி இல்ல. முழுசாப் பாக்க நேரம் இல்லன்னா கதைச் சுருக்கம் படிங்க, கடைசி இருபது நிமிசமாவது பாருங்க, ஏன்னா ஒரு படம் எத நம்புதுங்குறது பெரும்பாலும் முடிவுலதான் வெளிய வரும், நடுவுல எல்லாரும் எல்லாம் சொல்லுவாவ. யூடியூப்ல "இந்தப் படத்தில் மறைந்திருக்கும் சாத்தானின் அடையாளங்கள்"னு சிவப்பு வட்டம் போட்டு வீடியோ விடுதவனை நம்பாதீங்க. அவனுக்கு முக்கோணத்தப் பாத்தா போதும்.

படி 5: நாலு கேள்வியப் படத்து மேல வைங்க

இங்கதான் கொஞ்சம் உக்காந்து யோசிக்கணும், ஒவ்வொரு படமா எடுத்து செஞ்சு காட்டுதேன்.

ஹாரி பாட்டர். முதல் படம் 2001, எட்டாவது படம் 2011. இதுல சக்தி எங்க இருந்து வருது? பொறவியிலயே இருக்கு, பாட்டுத் திறமை மாதிரி. யாரும் எந்த ஆவியையும் கூப்பிட்டு வரம் கேக்கல. அதனால உபாகமம் 18ல சொல்லுத காரியம் முதல் ரெண்டு மூணு படத்துல அப்படி நேரா வர்றது கம்மி. ஆனா நாலாவது படம், 2005ல வந்தது, அதுல கல்லறைத் தோட்டத்துல எலும்பு, சதை, ரத்தம்னு போட்டு வில்லன உயிரோட எழுப்புற சடங்கு ஒண்ணு வருது, அது மாந்திரீகச் சடங்கு சாயல்லயே இருக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்னு நான் தீர்மானமாச் சொல்லுவேன். அதே சமயத்துல இந்தக் கதையோட நடு முடிச்சு ஒரு தாய் பிள்ளைக்காக உயிரக் குடுத்தது. கடைசிப் புஸ்தகத்துல ஹாரியோட அப்பா அம்மா கல்லறையில எழுதியிருக்கது "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்", 1 கொரிந்தியர் 15:26. இன்னொரு கல்லறையில மத்தேயு 6:21. 2019ல எரிச்சவங்க இந்தப் பக்கம் வரைக்கும் படிச்சிருப்பாவளோ என்னமோ.

நார்னியா. 2005ல வந்த முதல் படம், கிறிஸ்தவரான சி.எஸ்.லூயிஸ் 1950ல எழுதுன கதை. துரோகம் பண்ணுன எட்மண்ட்டுக்குப் பதிலா அஸ்லான்ங்குற சிங்கம் கல் மேசையில சாகுது, விடியும்போது உயிரோட எந்திக்குது. இதப் பாத்ததும் நம்ம அம்மாமாருக்கு ஒரே சந்தோசம், கிறிஸ்தவப் படம்னு பிள்ளையத் தனியா விட்டுட்டு அடுக்களைக்குப் போயிருதாவ. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கல் மேசை காட்சி ஹாரி பாட்டர் முதல் படத்த விட பயம் குடுக்கும், அந்தக் கூட்டம், அந்தத் தீவட்டி, சிங்கத்தோட பிடரிய மழிக்குறது. நம்ம ஆளு எடுத்த கதைங்குறதுக்காக கேள்வி கேக்காம விடக்கூடாது. இன்னொண்ணு, "அஸ்லான் யாரு தெரியுமா, இயேசப்பா!"ன்னு முந்திக்கிட்டு சொல்லிராதீங்க. பிள்ளை தானாக் கண்டுபிடிக்கும்போது அதுக்கு இருக்க சுவையே வேற, அதுக்கு ஒரு வருசம் ஆனாலும் ஆகட்டும்.

கோல்டன் காம்பஸ், 2007. பிலிப் புல்மன் எழுதுன கதை. அவர் நார்னியாவயே வெளிப்படையா வெறுக்குற ஆளு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அமெரிக்காவுல கத்தோலிக்க லீக்குங்குற அமைப்பு இந்தப் படத்தப் புறக்கணிக்கச் சொல்லுச்சு. படத்துல சபையப் பத்தின விமர்சனத்த மழுப்பிட்டாவ, அதனால படத்த மட்டும் பாத்தா வெள்ளைக் கரடி சண்டை போடுத சாகசம்தான். ஆனா பிள்ளை படம் பிடிச்சுப்போயி புஸ்தகத்துக்குப் போனா மூணாவது பாகத்துல கடவுள்னு சொல்லிக்கிடுத ஒரு கிழட்டு உருவம் சாகுற வரைக்கும் கதை போகும். பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளையோட சேந்து படிச்சு வாதாட இது நல்ல கதைன்னே நான் சொல்லுவேன், ஏழு வயசுக்கு எதுக்கு?

கோகோ, 2017. எனக்குத் தெரிஞ்சு நம்ம வீடுகள்ல ரொம்பக் கேள்வி கெளப்புன படம் இதான். மெக்சிகோவுல நவம்பர் 1, 2ல செத்தவங்களுக்குக் கொண்டாடுற திருநாள். போட்டோவ பீடத்துல வெச்சாத்தான் செத்தவங்க அன்னைக்கு வீட்டுக்கு வர முடியும், உயிரோட இருக்கவங்க யாருக்கும் ஞாபகம் இல்லாமப் போயிட்டா அவங்க அங்கயும் இல்லாமக் கரைஞ்சுருவாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு ஒரு பொடியன் எங்கிட்ட கேட்டான், "டீச்சர், எங்க ஆச்சி போட்டோ கண்ணாடி உடைஞ்சிட்டுன்னு கழட்டி வெச்சிருக்கோம், ஆச்சி இல்லாமப் போயிருவாவளா?"

இதக் கேட்டுட்டு படத்துக்குத் தடை போட்டா கேள்வி உள்ளயேதான் கிடக்கும். அவனுக்குச் சொன்னது இதான்: ஏல, ஆச்சிய நீ ஞாபகம் வெச்சிருக்கதனால அவிய இல்ல, ஆண்டவர் ஞாபகம் வெச்சிருக்கதனால இருக்காவ. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு போட்டோ வெக்க யாரு இருந்தா, அவன் "அடியேனை நினைத்தருளும்"னு ஒருத்தர்ட்டதான் கேட்டான். ஏசாயா 49:16ஐயும் காமிச்சேன், "என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்". அவன் கண்ணாடி மாத்தித் தரச் சொல்லி அப்பாட்ட கேக்கப் போயிட்டான், அது நல்லதுதான, ஆச்சி போட்டோ சுவத்துல இருக்கட்டும். இதுல நம்ம கத்தோலிக்க வீடுகளுக்கும் சிஎஸ்ஐ வீடுகளுக்கும் பெந்தெகொஸ்தே வீடுகளுக்கும் பதில் கொஞ்சம் வித்தியாசப்படும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி ஏத்தி ஜெபிக்குற வீட்டுல செத்தவங்களுக்காக ஜெபம்ங்குறது உண்டு, மத்த வீட்டுல கிடையாது. அவங்கவங்க சபை என்ன சொல்லுதோ அதப் பிள்ளைக்குத் தெளிவாச் சொல்லுங்க, தெரியலைன்னா ஐயர்ட்டயோ (நம்ம சபைப் போதகர்தான்) ஃபாதர்ட்டயோ கேளுங்க. "அதெல்லாம் பெரியவங்க விஷயம், நீ போய் வெளையாடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

கேபாப் டெமான் ஹன்டர்ஸ். 2025 ஜூன்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்ததுல இருந்து நம்ம ஊர் பொட்டப்பிள்ளைய அந்தப் படத்துப் பாட்ட மனப்பாடமா பாடுதுவ. பேருலயே பிசாசு இருக்கதனால வீட்டுக்கு வீடு சண்டை. படத்த உக்காந்து பாருங்க. பாட்டுப் பாடியே பிசாசுகளத் தடுத்து நிறுத்துற மூணு பொண்ணுவ, அவங்களுக்கு முன்னால தலைமுறை தலைமுறையா வந்தவங்க கொரிய நாட்டுப் பூசாரிப் பொம்பளைக மாதிரி. சக்தி எங்க இருந்துங்குற கேள்விக்கு பதில், பாக்குற ஜனங்களோட மனசுல இருந்து. அங்க நமக்கு இடிக்கும், கடவுள்னு ஒருத்தர் அந்தக் கதையிலயே இல்ல. ஆனா வில்லன் செய்யுற வேலையப் பாருங்க, ஒவ்வொருத்தன் காதுக்குள்ளயும் வந்து நீ செஞ்ச தப்பு இது, நீ ஒண்ணுக்கும் ஆகாதவன்னு ஓயாம சொல்லுதான். வெளிப்படுத்தல் 12:10ல இரவும் பகலும் குற்றஞ்சுமத்துறவன்னு வருதுல்ல, அத இத விட நல்லாப் பிள்ளைக்கு விளக்க முடியாது. கதாநாயகி தன் உடம்புல இருக்க பிசாசு அடையாளத்த மறைச்சு மறைச்சு வாழுதா, கடைசியில வெளிய காமிக்கா. இங்க நான் பிள்ளையள்ட்ட கேக்கது, ஏட்டி, அவ தன்ன ஏத்துக்கிட்டா, சரி, ஆனா பிசாசுக் கூட்டத்துல இருக்க அந்த ஜினுப் பையன் குடும்பத்தக் கைவிட்டான்ல, அந்தத் தப்புக்கு யாரு மன்னிப்பு குடுத்தா? வெக்கம் வேற, பாவம் வேற. இந்த வித்தியாசத்தப் பத்து வயசுப் பிள்ளை புடிச்சுக்கிடுது.

மோவானா மாதிரிப் படத்துல கடல், மலை, தீவு எல்லாம் தெய்வமா வரும், செத்த ஆச்சி ஆவியா வந்து பேசுவாவ. அது பசிபிக் தீவுக்காரங்களோட பழைய நம்பிக்கைன்னு முன்னாடியே ஒரு வரி சொல்லி வெச்சா பாதிப் பிரச்சனை தீந்துரும்.

படி 6: வயசு பாத்து முடிவெடுங்க

ஏழு வயசுக்குள்ள உள்ளதுக்கு நிஜமும் கதையும் கலந்துதான் இருக்கும். டேய் அது பொய்டான்னு பத்து தடவ சொன்னாலும் ராத்திரி கக்கூசுக்குத் தனியாப் போகாது. இந்த வயசுல கண்டிப்பா இருங்க, அதுக்கு பதில் சொல்லத் தேவையே இல்ல. எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் பொன்னான காலம், அது கேள்வியாக் கேக்கும், நாமளும் சேந்து பாக்கலாம். அதுக்கு மேல தடை போட்டா சிநேகிதன் போன்ல பாத்துருவான், அங்க தடையால காரியம் ஆகாது, பேச்சுதான் ஆகும்.

வயசை விட பிள்ளையோட குணம் முக்கியம். ஒரே வீட்டுல அண்ணன் சிரிச்சுட்டே பாப்பான், தங்கச்சி ஒரு வாரம் தூங்க மாட்டா.

படி 7: டிவியச் சரி பண்ணுங்க

நெட்ஃபிளிக்ஸ்ல பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயசு வரம்பு வைங்க, குறிப்பிட்ட படத்த மட்டும் அந்த ப்ரொஃபைல்ல வராம மறைக்கவும் வசதி இருக்கு. பெரியவங்க ப்ரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்க, பிள்ளையோட பொறந்த நாளயே நம்பரா வெக்காதீங்க, அதான் அவன் முதல்ல அடிச்சுப் பாப்பான். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுறத நிப்பாட்டுங்க, நல்ல படம் முடிஞ்சு பேசலாம்னு நாம வாயத் தொறக்கதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிருது. யூடியூப்தான் உண்மையான தலைவலி, முழுப்படத்துல இல்லாத அசிங்கமெல்லாம் ரெண்டு நிமிச வெட்டுத் துண்டுல வரும்.

படி 8: கூட உக்காருங்க

பனையில எறங்குற சாறு ஒண்ணுதான். கலயத்துல சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீரு, தடவலைன்னா கள்ளு. நீங்க பக்கத்துல இருக்கதுதான் அந்தச் சுண்ணாம்பு. அதுக்காகப் படம் ஓடும்போதே நிமிசத்துக்கு நிமிசம் நிப்பாட்டி உபதேசியார் மாதிரி வியாக்கியானம் பண்ணாதீங்க, பிள்ளை அடுத்த தடவ உங்களக் கூப்பிடாது. ஒரே ஒரு இடத்துல மெதுவாக் கேளுங்க, "இவன் இப்ப யார்ட்ட உதவி கேக்கான்?" போதும்.

முடிஞ்ச பெறகு சாப்பிடும்போது பேசலாம். யாரு மாறுனா, யாரு மாறல. கெட்டவன் திருந்த இடம் குடுத்தாவளா. நீ அங்க இருந்தா என்ன பண்ணியிருப்ப. செத்தவங்கள எப்படிக் காமிச்சாவ, நாம என்ன நம்புதோம். இதுல ஏதாவது ஒண்ணுதான், எல்லாத்தையும் கேட்டா அது பரீட்சை ஆகிரும். பிள்ளை "சும்மா ஜாலியா இருந்துச்சும்மா"ன்னு சொன்னா விட்டுருங்க, மூணாம் நாள் ஸ்கூட்டர்ல போகும்போது அதுவா ஆரம்பிக்கும்.

1 தெசலோனிக்கேயர் 5:21 "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்"ங்குறத பிள்ளைய ஏற்கனவே மனப்பாட வசனமா ஒப்பிக்கும். அதப் பயன்படுத்திப் பாக்குறதுக்குத்தான் இந்த உக்காருதது.

படி 9: வேண்டாம்னா எப்படி வேண்டாம்னு சொல்ல

சில படத்துக்கு வேண்டாம்தான் பதில். சொல்லும்போது காரணத்தோட சொல்லுங்க, "பாத்தா பிசாசு பிடிச்சிரும்"னு சொல்லாதீங்க. அவன் சிநேகிதன் வீட்டுல பாப்பான், பிசாசு பிடிக்காது, அன்னையில இருந்து அம்மை சொல்லுத எதையும் நம்ப மாட்டான், வேதத்தையும் சேத்துதான். "இது உன் வயசுக்கு பயம் குடுக்கும், ரெண்டு வருசம் கழிச்சு சேந்து பாப்போம்"னு சொன்னா அது உண்மை, சொன்ன மாதிரி ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கவும் செய்யணும்.

படத்தத் தாண்டி விளையாட்டுக்குப் போனா மட்டும் கடுமையா இருங்க. 2015ல சார்லி சார்லின்னு ரெண்டு பென்சிலக் குறுக்க வெச்சு ஆவியக் கூப்பிடுத விளையாட்டு உலகம் பூரா பரவுச்சு. பென்சில் நகருதது காத்துலயும் மூச்சுலயும்தான், அதையும் பிள்ளைக்கு செஞ்சே காமிங்க. ஆனா ஆவிய கூப்பிட்டு பதில் கேக்குததுங்குறது உபாகமம் 18ல சொல்லியிருக்க அதே காரியம். கதையப் பாக்குறதுக்கும் இதுக்கும் நடுவுல கோடு இங்கதான் இருக்கு, அதப் பிள்ளைக்குத் தெரியற மாதிரி அழுத்திக் கிழிங்க.

படி 10: அக்கம்பக்கம், சொந்தம், சபை

நம்ம தெருவுல இசக்கியம்மன் கொடையும் நடக்கும், சுடலைமாடன் கோயில் வில்லுப்பாட்டும் கேக்கும், பிள்ளையோட பக்கத்து பெஞ்சுக்காரன் அந்த வீட்டுப் பையனா இருப்பான். அவன் சாமி கதைய "மாயாஜாலப் படம்"னு நம்ம பிள்ளை சொல்லிட்டு வரக்கூடாது. மந்திரக்கோல் கதை வேற, இன்னொரு குடும்பம் கும்பிடுத தெய்வம் வேற. நாம அத நம்பல, ஆனா கேலி பண்ணவும் மாட்டோம். பாபிலோனுக்குச் சிறையாப் போன தானியேல் கல்தேயரோட எழுத்தையும் பாஷையையும் படிச்சான், பந்தியில எதத் தொடக்கூடாதோ அதத் தொடல, ரெண்டையும் ஒரே ஆளுதான் செஞ்சான்.

சொந்தத்துல யாராவது ஒரு அத்தை, ஒரு சித்தி, பாஸ்டர் பேச்சக் கேட்டு டிவியே வெக்காத வீடா இருக்கும். லீவுக்கு அவங்க பிள்ளைய நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம பிள்ளைட்ட "இந்த வாரம் அந்தப் படம் வேண்டாம்"னு சொல்லிருங்க. ரோமர் 14 இதுக்குத்தான் எழுதியிருக்கு, எனக்கு சுதந்திரம் இருக்குன்னு அடுத்தவன் மனசாட்சிய மிதிக்கக் கூடாது. அதே மாதிரி அந்த அத்தை வந்து நம்ம பிள்ளை முன்னால "இதெல்லாம் பாக்குதியளா, நரகம்தான்"னு ஆரம்பிச்சா, "அத்தை, அத நான் பாத்துக்கிடுதேன், காப்பி ஆறுது"ன்னு சொல்லித் தள்ளிட்டுப் போயி அடுக்களையில வெச்சுப் பேசுங்க. பிள்ளை முன்னால பெரியவங்க வேதத்த வெச்சு மல்லுக்கட்டக் கூடாது.

சபையில, வி.பி.எஸ்ல போட்டுக் காமிக்கணும்னு ஆசப்படுத டீச்சர்மாருக்கு: முழுப்படம் வேண்டாம், வீட்டுக்கு எடுத்த சந்தாவ வெச்சுப் பொது இடத்துல போட அந்தக் கம்பெனியளும் அனுமதிக்காது. கதைய வாயால சொல்லுங்க, நம்ம பிள்ளையளுக்கு இன்னும் அது பிடிக்கும். எந்தக் கதையச் சொல்லப் போறோம்னு ஐயர்ட்டயும் ஐயரம்மாட்டயும் முன்னாலயே சொல்லிருங்க, பெத்தவங்க குரூப்லயும் ஒரு வரி போட்டுருங்க. பால வகுப்புப் பிள்ளையளத் தனியாப் பிரிச்சுப் பாட்டுக்கு அனுப்பிட்டு ஆறாம் வகுப்புக்கு மேல உள்ளதுகள மட்டும் உக்கார வைங்க, கடைசிப் பத்து நிமிசத்தக் கேள்விக்கு விட்டு வைங்க, அது பத்து நிமிசத்துல முடியாது, அதனால சாயங்கால டீய கொஞ்சம் லேட்டாக் கொண்டுவரச் சொல்லிருங்க.